யூசி மாநகர சபையானது: திருகோணமலையில் எந்த வேலை யாருடைய பொறுப்பு?

திருகோணமலையில் பெரும்பாலானோர் இன்னும் "யூசிக்குப் போயிட்டு வாறன்" என்றுதான் சொல்கிறோம். யூசி என்று நாம் சொல்லும் நகரசபை (Urban Council) மாநகர சபையாகிவிட்டது. 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் நாம் வாக்களித்ததும் மாநகர சபைக்குத்தான். தவிசாளர் இருந்த கதிரையில் இப்போது மாநகர முதல்வர், அதாவது மேயர். செயலாளருக்குப் பதிலாக ஆணையாளர். வாய்ப் பழக்கம் மாற நாளாகும், அதில் தவறொன்றும் இல்லை. பெயர்ப் பலகையோடு சேர்த்து, யார் எதற்குப் பொறுப்பு என்ற கணக்கையும் ஒருமுறை ஊருக்கு விளக்கியிருக்கலாம். அது நடக்கவில்லை. என்னால் முடிந்தவரை இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

நகர நிர்வாகத்தில் நேர்மை என்று பேச்சு வந்தால் நாம் உடனே ஆளைப் பற்றித்தான் பேசுவோம். இவர் நல்லவர், அவர் சுருட்டுபவர், முந்தி இருந்தவர் பரவாயில்லை. ஆளைப் பார்க்க முன்னர் வேலையைப் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். இந்த வேலை யாருடையது? இதற்கு முடிவெடுத்தவர் யார்? செய்து முடித்தவர் யார்? கணக்கைச் சரிபார்த்தவர் யார்? இந்தப் பொறுப்புகள் வெவ்வேறு கைகளில் இருந்து, எது யாருடைய கை என்று ஊருக்கும் தெரிந்திருந்தால், சாதாரண மனிதர்கூடப் பெரும்பாலும் ஒழுங்காகவே நடப்பார். எல்லாம் ஒரே கைக்குள் போய்விட்டால் நல்ல மனிதரும் வழுக்கி விழுவார்.

முதலில், எந்தக் கந்தோர்?

திருகோணமலை மாவட்டத்தில் 13 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. நகரத்தில் மாநகர சபை, கிண்ணியாவில் ஒரு நகரசபை, மிச்சம் 11 பிரதேச சபைகள். நகரவாசியைக் குழப்புவது 'பட்டினமும் சூழலும்' என்ற பெயர். அந்தப் பெயரில் ஒரு பிரதேச செயலகம் இருக்கிறது, ஒரு பிரதேச சபையும் இருக்கிறது. செயலகம் மத்திய அரசின் நிர்வாகக் கிளை. காணி அலுவல், அஸ்வெசும நலன்புரி உதவி, கிராம உத்தியோகத்தர் கையெழுத்து எல்லாம் அந்தப் பக்கம். அங்கே நம் வாக்கில் வந்தவர் எவரும் இல்லை. பிரதேச சபை வாக்கில் வந்தது. ஆனால் அது மாநகர எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களுக்கானது. இவற்றுக்கு மேலே கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். நம் ஊர் கிழக்கு மாகாணத்தின் தலைமையிடம் என்பதால் ஆளுநர் செயலகம், பிரதம செயலாளர் அலுவலகம், மாகாணத் திணைக்களங்கள் என்று இன்னும் எத்தனையோ பலகைகள். வேறு ஊரில் ஒருவர் நான்கு வாசலில் தடுமாறினால், இங்கே பத்து வாசலில் தடுமாற வேண்டும்.

ஒரு வீதிக் குழியை எடுத்துக்கொள்வோம். அம்பேபுஸ்ஸவிலிருந்து குருணாகல் வழியாக நம் ஊருக்கு வரும் ஏ6, அனுராதபுரம் பக்கமிருந்து வரும் ஏ12, மட்டக்களப்பை இணைக்கும் ஏ15 ஆகியவை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. வேறு சில வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. உள்ளே இருக்கும் குறுக்குத் தெருக்களும் ஒழுங்கைகளும்தான் மாநகர சபைக்கு உரியவை. கண்டி வீதியில் குழி விழுந்தால் வட்டார உறுப்பினரைத் திட்டுகிறோம். அவரும் "அது எங்கட ரோட் இல்லை" என்று சொல்லாமல் "பார்ப்போம்" என்கிறார். "பார்ப்போம்" என்ற அந்தச் சொல்லிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். தன் அதிகாரத்தில் இல்லாத ஒன்றைத் தன்னால் முடியும் என்று காட்டிக்கொள்வது சின்னப் பொய்தான். ஆனால் அடுத்த தேர்தல்வரை அதைக் காப்பாற்றப் பல பெரிய பொய்கள் தேவைப்படும்.

தெருவிளக்கில் தூணும் கம்பியும் மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்துக்குரியவை, விளக்கை எரிய வைப்பது உள்ளூராட்சி சபையின் வேலை. குழாய்த் தண்ணீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. அந்தப் பெயரில் 'வடிகாலமைப்பு' இருப்பதால் தெருவோர வடிகானும் அவர்களுடையது என்று நினைப்பவர்கள் உண்டு. மழைநீர் ஓடும் உள்வீதி வடிகான் மாநகர சபையின் பொறுப்பு. கடற்கரையில் கட்டடம் எழும்பினால் கரையோரம் பேணல் திணைக்களமும் அனுமதி தர வேண்டும். பிரெட்ரிக் கோட்டைக்குள் போய்விட்டால் தொல்பொருள் திணைக்களம், இராணுவம் என்று கதை வேறு.

கோட்டையிலிருந்து ஊருக்குள் வரும் மான்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலும் முற்றவெளியைச் சுற்றியும் திரியும் புள்ளிமான்களை நம் ஊரின் அடையாளம் என்று படம் பிடிக்கிறோம். அதே மான்கள் குப்பை மேட்டில் பொலித்தீனை மெல்லுவதையும் பார்த்திருக்கிறோம். மான் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் சட்டத்துக்குள் வருகிறது. அது படுத்துறங்கும் கோட்டை வேறொருவர் பொறுப்பில் இருக்கிறது. அது மெல்லும் குப்பையை அள்ள வேண்டியது மாநகர சபை. அந்தக் குப்பையைக் கட்டாமல் வீசியவர்கள் நாங்கள். நான்கு தரப்பும் சேர்ந்து அமராவிட்டால் அந்த விலங்கு சாகும். ஒவ்வொரு தரப்பும் "எங்கட பகுதியை நாங்கள் செய்துட்டம்" என்று சட்டப்படி சொல்லிவிடவும் முடியும். பொறுப்பைப் பிரித்துவிட்டால் போதாது. பிரித்த துண்டுகளுக்கு இடையில் விழும் வேலையை யார் தூக்குவது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். நகர எல்லைக்குள் நடக்கும் எல்லாவற்றுக்கும் இந்தத் தரப்புகளை ஒரே மேசைக்குக் கூட்டும் தார்மீகப் பொறுப்பு மாநகர முதல்வருக்கு இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். அதிகாரம் இல்லாத இடத்தில்கூட ஊரின் பெயரால் அழைப்பு விடுக்க அவரால் முடியும்.

கை உயர்த்தும் அதிகாரம்

இனிச் சபைக்குள்ளே வருவோம். நகரசபைகளுக்கான கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டுக்குரியது. மாநகர சபைகளுக்கானது 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நாம் இப்போது இரண்டாவதன் கீழ் இருக்கிறோம். இரண்டுக்கும் அடிப்படை எண்ணம் ஒன்றுதான். சபை கூடி முடிவெடுக்கும், தலைவர் அதை நிறைவேற்றுவிப்பார், உத்தியோகத்தர்கள் செய்வார்கள்.

இதில் மக்கள் பலருக்கும், சில உறுப்பினர்களுக்குங்கூட, தெரியாத ஒரு விடயம் இருக்கிறது. ஒரு மாநகர சபை உறுப்பினருக்குத் தனி ஆளாக எந்த நிறைவேற்று அதிகாரமும் கிடையாது. சபை மண்டபத்துக்குள் அவர் கேள்வி கேட்கலாம், பிரேரணை கொண்டு வரலாம், பாதீட்டைத் திருத்தச் சொல்லலாம், கை உயர்த்தி வாக்களிக்கலாம். நிதிக் குழு போன்ற குழுக்களில் அமர்ந்து ஆராயலாம். மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அவர் ஒரு மதிப்புக்குரிய குடிமகன். ஒரு தொழிலாளியை "இங்கே வா, அங்கே போ" என்று ஏவ அவருக்கு உரிமை இல்லை. வரைபட அனுமதியில் கையெழுத்திடவும் முடியாது. கடைக்காரரிடம் போய் "அனுமதிப்பத்திரத்தைக் காட்டு" என்று கேட்கவும் முடியாது. அதற்கு வருமானப் பரிசோதகர் இருக்கிறார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார்.

ஆனால் நாம் அவரிடம் எதிர்பார்ப்பது இதற்கு நேர் எதிர். இரவு எட்டு மணிக்கு ஒரு அழைப்பு வரும். "தம்பி, எங்கட ஒழுங்கைப் பக்கம் ட்ரக்டர் வந்து மூன்று நாள். ஒருக்கா அனுப்பிவிடுங்க." உறுப்பினர் சாரதிக்கு நேரே அழைப்பெடுக்கிறார். மறுநாள் காலை ட்ரக்டர் வருகிறது. ஒழுங்கையில் எல்லோரும் வாழ்த்துகிறார்கள். முகநூலில் நன்றி சொல்லிப் படமும் போடுகிறார்கள்.

இதில் என்ன குறை என்று கேட்பீர்கள். ட்ரக்டருக்கு அன்று ஒரு பாதை போடப்பட்டிருந்தது. அந்தப் பாதையில் இருந்த இன்னொரு தெருவுக்கு அது அன்று போகவில்லை. அந்தத் தெருவில் உறுப்பினரின் இலக்கம் தெரிந்தவர் யாரும் இல்லை. மேற்பார்வையாளர் எழுதி வைத்த அட்டவணை அன்றிலிருந்து வெறும் காகிதம். சாரதிக்கு இனி இரண்டு முதலாளிகள், சில நாளில் ஐந்து முதலாளிகள். ஒரு நாள் ட்ரக்டர் தனியார் விருந்து மண்டபத்துக் குப்பையை அள்ளப் போய், சாரதியின் கைக்குள் ஆயிரம் ரூபாய் வைக்கப்பட்டால், அவரை யார் கேட்பது? அட்டவணையை முதலில் உடைத்தவர் நல்ல நோக்கத்தோடுதான் உடைத்தார். அதனால் யாராலும் வாய் திறக்க முடியாது.

உறுப்பினர் செய்யக்கூடிய சரியான வேலை கொஞ்சம் மெதுவானது. முறைப்பாட்டை எழுதி ஆணையாளரிடம் கொடுத்து இலக்கம் வாங்குவது. அந்த இலக்கத்தை அழைத்தவருக்கு அனுப்புவது. மாதாந்த அமர்வில் "இந்த வட்டாரத்தில் கடந்த மாதம் எத்தனை நாள் ட்ரக்டர் வரவில்லை, ஏன்?" என்று கேட்பது. பதில் கூட்டறிக்கையில் பதிவாகும். ட்ரக்டர் போதாது என்பதுதான் பதில் என்றால் அடுத்த பாதீட்டில் அதற்கு ஒதுக்கச் சொல்வது. இதற்கு முகநூலில் படம் கிடைக்காது. ஆனால் அவரைத் தெரியாத தெருவுக்கும் ட்ரக்டர் போகும்.

முதல்வரும் ஆணையாளரும்

மாநகர சபையின் நிறைவேற்றுத் தலைவர் முதல்வர். நிர்வாகத்தின் தலைமை உத்தியோகத்தர் ஆணையாளர். முதல்வர் வாக்கில் வந்தவர், நான்கு வருடத்தில் போகலாம். ஆணையாளரும் மற்ற நிரந்தர உத்தியோகத்தர்களும் அரச சேவையில் இருந்து வருபவர்கள், இடமாற்றத்தில் போவார்கள். சம்பளத்தில் பெரும் பங்கு மாகாணத்தினூடாக மீளளிக்கப்படுகிறது. முதல்வரால் ஓர் உத்தியோகத்தரைத் தான் நினைத்தபடி வீட்டுக்கு அனுப்ப முடியாது. சிலருக்கு இது எரிச்சல் தருகிறது. "மக்கள் தெரிவு செய்தவருக்கு இல்லாத அதிகாரம் உத்தியோகத்தருக்கா?" என்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. முதல்வரின் விருப்பத்துக்குச் சட்டம் இடம் தராதபோது "முடியாது ஐயா" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அப்படிச் சொன்னதற்காக அவர் அடுத்த மாதச் சம்பளத்தை இழக்கக் கூடாது.

வேறொரு மாவட்டத்துச் சபையில் நீண்டகாலம் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்குச் சொன்னது இது. ஒழுங்கு மீறிய வாய்மொழி உத்தரவு வரும் ஒவ்வொரு தடவையும் அவர் பணிவாக ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வாராம்: "எழுத்தில தாங்க ஐயா, உடனே செய்யிறன்." பத்தில் எட்டு உத்தரவுகள் எழுத்துக்கு வந்ததே இல்லையாம். கோபிக்கவில்லை, எதிர்க்கவுமில்லை, பத்திரிகைக்கும் போகவில்லை. ஒரு கோவையையும் ஒரு பேனையையும் வைத்துக்கொண்டு சபையின் பணத்தைக் காத்திருக்கிறார். அப்படிப்பட்டவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நம் ஊர்க் கந்தோர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள், பெயர் வெளியே வருவதில்லை.

எழுத்துக்கு ஏன் அவ்வளவு பலம்? அரசியலமைப்பின்படி உள்ளூராட்சி சபைகளின் கணக்கைத் தணிக்கை செய்வது கணக்காய்வாளர் நாயகம். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், பொறுப்பற்ற செலவால் வந்த நட்டத்தை அதற்குப் பொறுப்பானவரிடமிருந்தே அறவிட வழி செய்கிறது. எழுத்தில் உத்தரவு இருந்தால் பொறுப்பு யாருடையது என்று தெரியும். இல்லாவிட்டால் கடைசியில் காசோலையில் கையெழுத்திட்ட உத்தியோகத்தர்தான் மாட்டிக்கொள்வார்.

உத்தியோகத்தர் பக்கமும் எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. "ஒடிட் கேள்வி வரும்" என்று சொல்லிச் செய்ய வேண்டிய வேலையையும் தள்ளிப்போடுவது ஒரு நோய். வீட்டு வரைபடம் மாதக் கணக்கில் மேசையில் கிடக்கும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு தடுக்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது. காரணம் சொல்லாத தாமதந்தான் இலஞ்சத்துக்குக் கதவு திறக்கிறது. கோவை ஏன் நகரவில்லை என்று தெரியாத மனிதன், அதை நகர்த்த ஒரு 'தெரிந்த ஆளை'த் தேடுகிறான்.

இரண்டு வருடம் சபை இல்லாமல்

2018 பெப்ரவரி 10ஆம் திகதி தெரிவான சபைகளின் காலம் ஒரு வருடம் நீடிக்கப்பட்டு 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் தீர்ப்பளித்தது. புதிய சபைகள் 2025 ஜூன் மாதம்தான் வந்தன. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் நாடெங்கும் செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளை நடத்தினார்கள்.

"அந்தக் காலத்தில் வேலை கெதியாய் நடந்தது" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நடந்திருக்கலாம். குறுக்குக் கேள்வி இல்லாவிட்டால் எந்த வேலையும் வேகமாகத்தான் போகும். ஆனால் முடிவெடுப்பவரும் செய்பவரும் ஒருவராகவே இருந்தார்கள். மாத அமர்வு இல்லை, கூட்டறிக்கை இல்லை. எதிர்த்துக் கேட்க ஓர் உறுப்பினரும் இல்லை. மேலே மாகாண சபையும் இல்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி உள்ளூராட்சி மாகாணத்துக்குரிய விடயம். மாகாண அமைச்சர் கையில் இருக்க வேண்டிய மேற்பார்வை ஆளுநரிடம் போய்விட்டது. அந்த இரண்டு வருடமும் ஒழுங்காக நடந்த இடங்களில் அது அங்கிருந்த உத்தியோகத்தரின் நற்குணம். ஊரின் பணத்தை ஒருவரின் நற்குணத்தை மட்டும் நம்பி விட்டிருந்தோம் என்பது எனக்கு இப்போதும் அச்சத்தைத் தருகிறது.

சங்கத்துத் தலைவரும் சபை உறுப்பினரும்

இலஞ்சம் என்றதும் கடித உறைக்குள் பணம் என்று நினைக்கிறோம். சின்ன ஊர்களில் அதைவிட அதிகமாக நடப்பது நலன் முரண்பாடு. எழுதும்போது இது பெரிய சொல்லாகத் தெரியும், நடைமுறையில் சாதாரணமாகவே இருக்கும்.

சிறிய வடிகான், கொங்கிரீட் ஒழுங்கை போன்ற வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்குக் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம் அது. கொந்தராத்துகாரரின் இலாபம் ஊருக்கே மிஞ்சும், வேலையை ஊரே கண்காணிக்கும். ஆனால் அந்தச் சங்கத்தின் தலைவரே சபை உறுப்பினராகவும் இருந்தால்? வேலையைக் கேட்பவரும் அவர், அதற்குப் பணம் ஒதுக்கக் கை உயர்த்துபவரும் அவர், முடிந்த பின் "வேலை திருப்தி" என்று சொல்லப் போகிறவரும் அவர். ஒரு சதம்கூட எடுக்காத மனிதராக அவர் இருக்கலாம். ஆனாலும் கொங்கிரீட் ஆறு மாதத்தில் வெடித்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சங்கத்தில் பொருளாளர் அவருடைய மச்சான்.

உள்ளூராட்சி சபையுடன் செய்த ஒப்பந்தத்தில் நேரடியாகவோ வேறொருவர் பெயரிலோ நன்மை பெறுபவர் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்று தேர்தல் கட்டளைச் சட்டம் நெடுங்காலமாகவே சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் நலன் முரண்பாட்டையே ஒரு குற்றமாகக் கொண்டு வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் முதல்வர் முதல் சாதாரண உறுப்பினர்வரை ஒவ்வொருவரும் சொத்துகளையும் கடன்களையும் வெளிப்படுத்த வேண்டும். பதவிக்கு வந்து மூன்று மாதத்துக்குள் ஒன்று, பிறகு ஒவ்வொரு வருடமும் மார்ச் 31இல் உள்ள நிலவரத்தை ஜூன் 30க்குள் ஒன்று. வேட்டி கட்டிய சின்ன உறுப்பினர் என்று விலக்கு எதுவும் இல்லை.

சட்டம் எட்டாத இடங்களும் இருக்கின்றன. பொதுச்சந்தைக் கடை ஒன்று சபையிடமிருந்து குறைந்த வாடகைக்கு ஒருவர் பெயரில் இருக்கும். உள்ளே வியாபாரம் செய்பவர் வேறொருவர், அவர் கொடுக்கும் வாடகை பல மடங்கு. இடையில் உள்ள வித்தியாசம் யாருக்கோ போகிறது. இலங்கையின் பல நகரங்களில் சபைகள் வருமானம் இழப்பது இப்படித்தான். சுற்றியுள்ள எல்லோருக்கும் தெரியும், கேட்பார் இல்லை. கேட்க வேண்டிய உறுப்பினரின் உறவினர் ஒருவருக்கும் ஒரு கடை இருந்துவிட்டால் அந்தப் பேச்சு நிகழ்ச்சிநிரலுக்கே வராது. அப்படியான விவாதம் வரும்போது எழுந்து "இதில் எனக்கு உறவு இருக்கிறது, நான் வெளியே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மண்டபத்தை விட்டுப் போக இரண்டு நிமிடம் போதும். அதைக் கூட்டறிக்கையில் எழுதிக்கொள்ளவும் வேண்டும். அப்படிச் செய்யும் உறுப்பினரை நாம் கைதட்டி மதிக்கப் பழக வேண்டும்.

வட்டாரத்துக்கு எவ்வளவு?

இதை எழுதும்போது எனக்கு அதிகம் வலிப்பது இந்தப் பகுதிதான். நம் ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறோம். புதிய தேர்தல் முறையில் உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதம் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். வட்டாரத்துக்கு ஒரு முகம் கிடைத்தது நல்லது. கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. பல சபைகளில் அபிவிருத்திப் பணத்தை வட்டாரக் கணக்கில் சமமாகப் பங்குபோட்டு, ஒவ்வொரு உறுப்பினரும் தன் பங்கை எங்கே போடுவது என்று சொல்கிறார். பார்க்க நியாயம்போல இருக்கும்.

ஆனால் உயரமான உவர்மலைக்கும் களப்பை ஒட்டிய மட்டிக்களிக்கும் மழை ஒன்றாகவா பெய்து ஓடுகிறது? மேட்டில் விழும் தண்ணீர் பள்ளத்து வீட்டுக்குள் நிற்கிறது. பள்ளத்து வட்டாரத்தின் பங்கு அங்கே வடிகான் கட்டப் போதாது. மேட்டு வட்டாரத்தில் நல்ல வீதிக்கு மேல் இன்னொரு கார்ப்பட் போடப்படலாம். இதில் யாரும் திருடவில்லை, கணக்காய்வும் குறை காணாது. ஆனால் ஒவ்வொரு மார்கழி மழைக்கும் கட்டிலை உயர்த்தி வைக்கும் குடும்பத்துக்கு அநீதி நடந்திருக்கிறது. அந்தக் குடும்பம் எந்த மொழி பேசுகிறது என்பதை வைத்து அந்த அநீதி இன்னும் கசப்பாகப் பேசப்படும். நகர முழுவதுக்கும் ஒரே தேவைப் பட்டியல், பட்டியலில் எது ஏன் முன்னுக்கு வந்தது என்ற காரணம், அதை மூன்று சமூகமும் வாசிக்கக்கூடிய இரண்டு மொழியிலும் பகிரங்கமாக ஒட்டுவது. இவ்வளவையாவது முதல் மாநகர சபையிடம் எதிர்பார்க்கிறேன்.

அதற்குச் சட்டம் ஒரு பிடியும் கொடுத்திருக்கிறது. பாதீட்டைத் தயாரித்துச் சமர்ப்பிப்பது முதல்வரின் கடமை. 2012ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி இரண்டாவது தடவையும் பாதீடு தோற்றால் அவர் பதவியை இழக்க நேரிடலாம். இந்தப் பயத்தில் பல முதல்வர்கள் ஒவ்வொரு உறுப்பினரையும் தனித்தனியாகத் திருப்திப்படுத்தப் பார்க்கிறார்கள். வட்டாரப் பங்கீடு அங்கிருந்துதான் பிறக்கிறது. தேவைப் பட்டியல் முன்கூட்டியே ஊரின் கையில் இருந்தால், அதை எதிர்த்துக் கை உயர்த்தும் உறுப்பினர் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

நம் பக்கம்

வீடு, காணிக்கான சோலைவரியை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். வருடத்துக்குரியதை ஜனவரி 31க்குள் கட்டினால் பத்து வீதம் கழிவு உண்டு. வீட்டின் வருடாந்தப் பெறுமதியைக் கணிப்பது விலை மதிப்பீட்டுத் திணைக்களம். அது கூடிவிட்டதென்றால் ஆட்சேபனை எழுதலாம். உறுப்பினரைப் பிடித்துக் குறைக்கச் சொல்வது அவரைத் தவறுக்கு அழைப்பது. பிளான் பாஸ் எடுக்காமல் மதில் கட்டிவிட்டு, "மேயர் நமக்குத் தெரிந்தவர்" என்று இருப்பதும் அப்படித்தான். பதவியில் இருப்பவரைக் கெடுப்பதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கேள்வி கேட்க ஒரு வழி இருக்கிறது, நம் ஊரில் அதை மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு உள்ளூராட்சி சபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் உங்களிடம் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள ஆணைக்குழு.

எழுதும்போது "சபையில் ஊழல் நடக்கிறதா?" என்று எழுதாதீர்கள், அதற்கு எந்தக் கோவையிலும் பதில் இல்லை. உங்கள் ஒழுங்கையின் பெயரைப் போட்டு இப்படிக் கேளுங்கள். இந்த ஒழுங்கை எந்த நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது? கடந்த மூன்று வருடத்தில் இதன் வடிகானுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது? வேலை எந்தச் சங்கத்துக்கு அல்லது கொந்தராத்துகாரருக்குப் போனது? முடிந்தது என்று கையெழுத்திட்ட தொழில்நுட்ப உத்தியோகத்தரின் பதவி என்ன, திகதி என்ன? கடிதத்தைக் கொடுத்ததும் ஏற்றுக்கொண்டதற்கான சீட்டை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.